ஐந்து புள்ளி நான்கு

கிதீனியா துறைமுகத்தில் நவம்பர் என்றால்
மூன்றரைக்கே விளக்குப் போட வேண்டும்.
முத்திரையை அறுக்கும் கத்தரி
கையுறையைத் தாண்டியும் சில்லிட்டது.
கதவைத் திறந்ததும்
கடலில் நாற்பது நாள் அடைபட்டிருந்த சாதிக்காய்
ஒரே மூச்சாக வெளியே வந்தது.

முன்னூறு மூட்டை என்கிறது தாள்.
எண்ணினேன், இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
திரும்ப எண்ணினேன், முன்னூறு.
என் வேலையில்
முதல் விடையை யாரும் நம்புவதில்லை,
நானும்தான்.

நூறு இடத்தில் கை விட வேண்டும்,
இடத்துக்கு இருநூறு கிராம்.
பூஞ்சணம் ஏதோ ஒரு மூட்டையின் அடிமூலையில்
ஒற்றைக் காய்க்குள் குடித்தனம் நடத்தும்.
பக்கத்துக் காய்க்கே தெரியாது.
எனக்கு எப்படித் தெரியும்?
அதனால்தான் நூறு.

தோவான் கய் தினமும் எட்டு ஐந்துக்கு அழைப்பார்.
வார்சாவுக்கு வெளியே மொத்த வியாபாரம்.
என்னைவிடத் திருத்தமான போலிஷ்.
"அம்மணி கிராஷினா,
இஞ்சி ரொட்டிக்காரர்கள் நெருக்குகிறார்கள்.
பிசைந்த மாவு ஆறு வாரம் ஊற வேண்டுமாம்.
கிறிஸ்துமஸ் ஊறாது."
பெட்டிக்கு நாள் வாடகை ஏறிக்கொண்டிருந்தது.
சான்றிதழில் ஒரு தேதிமேல் இன்னொரு தேதி அடித்திருந்ததால்
அதற்கே நான்கு நாள் போயிற்று.
ஆறு வருடமாகத் தெரியும்.
ஒரு முறைகூட அவர் பொட்டலம் எதையும் நீட்டியதில்லை.
நீட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்,
கோபித்துக்கொண்டிருப்பேன்.

பன்னிரண்டாம் நாள் ஆய்வகத்தின் தாள்.
அஃப்ளாடாக்சின் பி ஒன்று: ஐந்து புள்ளி நான்கு.
வரம்பு ஐந்து.
ஒரு கிராமைப் பத்து லட்சமாக நறுக்கி
அதில் ஐந்து துண்டு,
ஒரு கிலோவுக்கு.
இதற்கும் கீழே, எறும்பு எழுத்தில்,
கூட்டல் கழித்தல் ஒன்று புள்ளி இரண்டு.

கருவிக்கும் தடுமாற்றம் உண்டு,
அதைக் கழித்த பிறகும் கோட்டைத் தாண்டினால்தான்
குற்றம் என்கிறது விதி.
கழித்தேன்.
நான்கு புள்ளி இரண்டு.
சந்தேகத்தின் பலன் சாதிக்காய்க்கு.

கூட்டினால் எவ்வளவு என்று
யாரும் என்னைக் கேட்கவில்லை.
ஆறு புள்ளி ஆறு.
அந்த எண்ணுக்குப் படிவத்தில் கட்டமே இல்லை.

பிப்ரவரியில் வேறொருவர் சரக்கு,
கழித்தும் குறையவில்லை.
எரியுலைக்கு எழுதிக் கொடுத்தேன்.
பதினான்கு டன்.
அன்று கை நேராகத்தான் ஓடியது.
இன்று "விடுவிக்கலாம்" என்ற ஒரு சொல்லுக்குப்
பேனாவை இரண்டு முறை உதறினேன்,
மை இருந்தும்.

எட்டு ஐந்துக்கு நானே அழைத்தேன்.
"தேறிவிட்டது."
"எவ்வளவு?"
"தேறிவிட்டது என்றேனே."
"எண்ணைக் கேட்டேன்."
சொன்னேன்.
கழிக்காததை.
அந்தப் பக்கம் ஒரு லாரி பின்னால் நகரும் ஒலி,
பீப், பீப், பீப்.
"மழையில் தரையிலேயே காயப் போட்டிருப்பார்கள்,"
என்றார் கடைசியில்.
"மார்ச்சில் சுலாவெசிக்கு நானே போய்ப் பார்க்கிறேன்."
நன்றி சொல்லவில்லை.
அது எனக்குப் பிடித்திருந்தது.

டிசம்பர் இருபது.
சுங்கத்து ஜெனோன் தகர டப்பாவோடு
மேசை மேசையாக வந்தான்.
இஞ்சி ரொட்டி, இதய வடிவம்,
ஓரத்தில் சர்க்கரைப் பூச்சு வழிந்திருந்தது.
"எந்தக் கடை?"
"வீட்டில்தான், என் மனைவி."
"சாதிக்காய் போட்டாளா?"
"போடாமல்? ஏன்?"
"ஒன்றுமில்லை."

கடித்தேன்.
நன்றாக இருந்தது,
கூட்டல் கழித்தல் எதுவும் இல்லாமல்.
அதன்பிறகு டப்பாவின் மூடியைத் திருப்பி
எந்தத் தேதி என்று தேடிக்கொண்டிருந்தேன்.
அது பழைய பிஸ்கட் டப்பா.