இறங்காத பயணி

செவ்வாய்க்கிழமை. ஏழே முக்கால் படகுக்கு முன்
கிளாக்ஸ்விக் துறைமுகத்துக் கழிப்பறையில்
வயிற்றில் ஒட்டிய பையைக் காலி செய்கையில்
அதைக் கண்டேன்.
இளஞ்சிவப்பு. நீள்வட்டம்.
முதுகில் பொறித்த நாற்பத்தேழு கூட அழியவில்லை.
விடிகாலை மூன்றரைக்கு விழுங்கியது.

கயிறு வீசுவதும் சீட்டு பார்ப்பதும் என் வேலை.
கல்சோய்த் தீவுக்குப் போகும் எங்கள் படகில்
சிலர் இறங்கவே மாட்டார்கள்.
காபி குடிப்பார்கள், அலையைப் பார்ப்பார்கள்,
அதே இருக்கையில் திரும்பி வருவார்கள்.
அவர்களை நான் ஒன்றும் கேட்பதில்லை.
மாத்திரையைக் கேட்கத் தோன்றியது:
ஏனம்மா, ஒரு துறையிலும் உனக்கு வேலை இல்லையா?

மார்ச்சில் என் பெருங்குடலை எடுத்துவிட்டார்கள்.
ஊரில் எல்லாரும் பையைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள்.
நான் அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்:
நாற்பத்தொரு வருடம்
கடைசிச் சொட்டுவரை தண்ணீரைப் பிழிந்து
கஞ்சன் மாதிரி எனக்கே திருப்பித் தந்தது.
உப்பையும்தான்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாமே,
உள்ளே இருந்தவரை
ஒருநாளும் நினைத்ததில்லை.
நாலு பக்கமும் கடல் இருக்கிற ஊரில்
இப்போது பொட்டலத்தில் உப்பு வாங்கிக்
கரைத்துக் குடிக்கிறேன்.

மாத்திரையைக் கழுவினேன்.
கைக்குட்டையில் மடித்தேன்.
மதியம் மருந்துக்கடையில்
ஐஃபின் மேசையில் வைத்தேன்.
அவன் முகம் சுளிக்கவில்லை.
(அதற்காகவே அவனிடம் போவது.)

"ஓடு மட்டும் வந்திருந்தால் பயமில்லை, ரன்வா.
மருந்து கசிந்து போயிருக்கும்,
நண்டு கழற்றிப் போட்ட சட்டை மாதிரி."
பிளேடு எடுத்தான்.
குறுக்கே ஒரு கீறல்.

விளிம்பில் கொஞ்சம் ஈரம், வழவழப்பு.
நடுவில்
உலர்ந்த வெள்ளை.

அப்போதுதான் புரிந்தது,
மூன்று வாரமாகக் காதுக்குள் ஏன்
படகு எஞ்சின் நிற்காமல் ஓடியது என்று.
ஐஃபின் என் கையில் பட்டையைச் சுற்றி
அழுத்தம் பார்த்தான். எண்ணைச் சொல்லவில்லை.
மருத்துவருக்குப் போன் போட்டான்.

காத்திருந்த நேரத்தில்
ரசீதின் பின்பக்கம் பென்சிலால் ஒரு கோடு இழுத்தான்.
இரைப்பை: பிசையும், புளிக்க வைக்கும்,
கதவைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் திறந்துவிடும்;
அதிகம் உள்வாங்காது.
பிறகு சிறுகுடல்.
அங்கேதான் எல்லாம், என்றான்.
பித்தம் வந்து கொழுப்பைக் கலக்கும்;
சுவரெங்கும் விரல்கள்,
விரல் மேல் இன்னும் பொடி விரல்கள்,
பிரித்து விரித்தால்
ஒரு சிறிய வீட்டுத் தரை.

"எங்கள் படகின் கார்த் தளத்தில் பாதி" என்றேன்.
"இருக்கலாம்" என்றான், எழுதியும் கொண்டான்.

விரல் பிடித்ததையெல்லாம் ரத்தம்
நேரே கல்லீரலுக்குக் கொண்டுபோகும்.
அது சுங்கச்சாவடி.
தன் பங்கை எடுக்காமல் எந்தப் பெட்டியையும் விடாது.
அந்த இழப்பையும் கணக்குப் பார்த்துத்தான்
டப்பாவில் எண் அடிக்கிறார்கள்.
காற்றில் உலர்த்திய ஆட்டிறைச்சிக்கும்
ருபார்ப் ஜாமுக்கும் அதே வரிசைதான்.

"உன் மாத்திரை
பன்னிரண்டு மணி நேரப் பயணத்துக்குச் சீட்டு எடுத்தது.
உன் பாதை நாலு மணி நேரத்தில் முடிகிறது."

அதன் தப்பும் இல்லை. என் தப்பும் இல்லை.
என்னை வெட்டித் தைத்த கைக்கும்
இதை எழுதிக் கொடுத்த கைக்கும் நடுவே
யாரோ ஒருவர் கோட்டின் நீளத்தை
அளக்க மறந்துவிட்டார்.

புதிய மாத்திரை சிறியது. வெறும் வெள்ளை.
தண்ணீர் பட்டதும் உடையக்கூடியது.
நாளைக்கு மூன்று முறை, கடிகாரம் பார்த்து.
முதல் ஒன்றை அங்கேயே நின்றபடி விழுங்கினேன்.

சாயங்காலப் படகு. வடக்குக் காற்று.
ஒருவர் மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.
நான் கயிற்றை அவிழ்க்கையில்
அலையொன்று முகத்தில் அடித்தது.
உதட்டை நக்கினேன்.

கொஞ்சம் உப்பு.
இது இறங்கிவிடும்.