ஐந்து துண்டு பனியன் துணி

மூலனூர்ப் பக்கம், பால் சொசைட்டியில்
கேன்களை ஓரமாய் நகர்த்திவிட்டு
வகுப்பு நடந்தது.
டாக்டர் ரெஜினா ஸ்கூட்டியில் வந்தார்.
பதினோரு ஊருக்கு அவர் ஒருவர்.
எங்களுக்கென்று ஒரே ஒரு அட்டை:
ஐந்து கட்டம்.
முதலாவது, அறுத்த பீட்ரூட்.
அப்புறம் ஒவ்வொன்றாய் வெளுத்து
ஐந்தாவது, கஞ்சி.

செம்மறியின் மேல் இமையை ஒரு விரலால் அழுத்தி
கீழ் இமையை இழுத்தால்
உள்ளே தெரிகிற நிறம்தான் கணக்கு.
வயிற்றில் புழு குடிக்கிற ரத்தம்
கண்ணில் குறைகிறது.
"நாலும் அஞ்சும் வந்தா மருந்து.
ஒண்ணும் ரெண்டும் வந்தா விட்டுருங்க.
எல்லாத்துக்கும் ஊத்துனா
புழு மருந்தைப் பழகிக்கும்."

ராக்கியண்ணனுக்குக் கோபம்.
"பட்டியில அறுவது உருப்படி.
உட்டது செத்துப்போனா
நீங்க வருவீங்ளா?"
"வருவேன், ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆனா."

மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில்
எல்லோரும் தடுமாறினார்கள்.
நான் தடுமாறவில்லை.
ஒன்பது வருஷம் திருப்பூரில்
டேபிள் முன்னால் நின்று ஷேடு பார்த்தவள்.
காலையில் முக்கிய துணியும் மதியம் முக்கிய துணியும்
ஒரே பனியனில் சேர்ந்தால்
கை வேறு, உடம்பு வேறாய்த் தெரியும்.
பிரித்துப் போடுவதற்குத்தான் சம்பளம்.
கம்பெனி மூடியபின்
இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்று தெரியாமல்
நாலு ஆடு வாங்கினேன்.

சித்திரை வெயிலில் கைமாறிக் கைமாறி
அட்டை வெளுத்தது.
வெளுத்த அட்டை,
சாகப்போகிற ஆட்டையும்
நன்றாக இருப்பதாகச் சொல்லும்.
புதுசு வர ஆடி ஆகுமாம்.

வண்டி துடைக்க விற்கிற கட்டிங் வேஸ்ட்
ஒரு மூட்டை அவிழ்த்துக் கொட்டினேன்.
இரண்டு நாள் தேடி ஐந்து துண்டு.
பழைய காலண்டர் அட்டையில் வரிசையாய்த் தைத்தேன்.
டாக்டர், டைரிக்குள் வெயில் படாமல் வைத்திருந்த
தன் அட்டையை அதன் பக்கத்தில் பிடித்து
நெடுநேரம் பேசவில்லை.
"மூணாவது, ஒரு நூல் ஜாஸ்தி."
மாற்றினேன்.

அன்றிலிருந்து ஊருக்குள் நான் கொஞ்சம்
நிமிர்ந்துதான் நடந்தேன்.

மயிலாத்தாள் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டாள்.
ட்யூப் லைட்டில் இமையை இழுத்து
மூணு என்றேன்.
வெயிலில் மட்டும் பாருங்கள் என்று
முதல் நாளே சொல்லியிருந்தார் டாக்டர்.
ஷேடு பார்த்தவளுக்கா சொல்வது.
தாடைக்குக் கீழே நீர் கோத்திருந்ததைத்
தடவிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள்
கொறங்காட்டில் கிளுவை வேலி ஓரம் கிடந்தது.
சினை ஆடு.

டாக்டர் அறுத்துக் காட்டினார்.
இரைப்பைக்குள் சிவப்பும் வெள்ளையுமாய்
முறுக்கிய நூல், ஆயிரக்கணக்கில்,
ஊசியில் கோத்துத் தைக்கலாம் போல.
ராக்கியண்ணன் குனிந்து பார்த்தார்.
மறுநாள் வெயிலில்
அறுபதையும் ஒவ்வொன்றாய்ப் பிடித்துக் கொடுத்தார்.
ஒன்பதுக்குத்தான் மருந்து.

மயிலாத்தாள் என்னை ஒன்றும் சொல்லவில்லை.
சொசைட்டியில் பால் ஊற்றும்போது
எனக்கு முன்னால் நிற்பாள்,
திரும்பமாட்டாள்.

நேற்றுச் சாயங்காலம்
ஒரு குட்டியைத் தோளில் போட்டு வந்தாள்.
வெள்வேல மரத்துக்குப் பின்னால்
பொழுது இறங்கியிருந்தது.
முதலில் தாடையைத் தடவினேன்.
இமையை இழுத்தேன்.
மூணோ, நாலோ.

"சொல்லு அம்மிணி."

"இங்கயே கட்டிட்டுப் போக்கா.
பொழுது கெளம்பட்டும்."