தில்லை உள்ளே, அம்பலம் வெளியே

இடத்தின் பெயர் வெடிங்.
முதன்முதல் போனில் சொன்னபோது
சின்னம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு கேட்டா:
அங்கையும் வெடியோ?

வெடியில்லைச் சின்னம்மா, பெர்லின்.
ஐந்து மாடி, இருபத்தொரு பெல்.
இங்கே வீட்டுக்குள் வீட்டுக்கு இலக்கமில்லை,
கதவடியில் பெயர்தான்.
பெயர் ஒட்டாதவனுக்குக் கடிதம் வராது,
பீட்சா வராது,
பொலிஸ்கூடத் தேடிக் களைத்துத் திரும்பிப் போகும்.

படி கழுவுகிற வேலையோடு
பெயர் மாற்றுகிற வேலையும் என்னுடையது.
ஒரு சின்ன ஸ்க்ரூ ட்ரைவர், வெள்ளைச் சீட்டு.
பன்னிரண்டு எழுத்துக்கு மேல் சீட்டில் இடமில்லை.
அதனால்
தில்லை மட்டும் கண்ணாடிக்குள்,
அம்பலம் வெளியே.

அதுவும் என் பெயரில்லை, இவருடையதுமில்லை,
இவரின் தகப்பனுடையது.
எந்தக் கந்தோரிலோ யாரோ
கட்டம் மாற்றி எழுதிவிட்டதில்
வேலணையிலிருந்து கொழும்புக்கே
இரண்டு தரம்தான் போன மனிதர்
இருபத்தாறு வருடமாக
எங்கள் கதவடியில் பனியில் நிற்கிறார்.
நான் அவரைக் கண்டதேயில்லை.
சீட்டைத் துடைக்கும்போது மட்டும்
மாமா, கொஞ்சம் விலகுங்கோ என்பேன்.

அவருக்குப் பக்கத்தில் அய்தெமிர்.
மேலே ஓவுசு. அந்தச் சீட்டை
அவர்களுடைய பிள்ளைகளே நகத்தால் சுரண்டுவார்கள்,
மூன்று முறை எழுதினேன்.
எங்களுக்கு நேர்மேலே கிராவ்சிக் அம்மா.

அவ மாசியில் செத்துப்போனா.
சீட்டைக் கழற்றச் சொல்லி மூன்று மெயில்.
ஆனியில்தான் கழற்றினேன்,
சோம்பல் என்று எழுதிக்கொள்ளட்டும்.
வியாழன்தோறும் நாலு மணிக்கு
ஆரோ அந்தப் பெல்லை அமத்தினார்கள்.
வெறும் வீட்டில் அது அடிக்கிற சத்தம்
தண்ணிக் குழாய் வழியே
என் சமையலறைக்குள் இறங்கும்.
ஓடிப்போய்ப் பார்த்தால்
தெருவில் ஒரு மஞ்சள் பஸ், வேறு ஆருமில்லை.
பெயரைக் கழற்றிய பிறகு சத்தமும் இல்லை.
ஆரென்று இன்றுவரை தெரியாது.

பிறகு அந்த வீட்டுக்கு நாலு பெடியள்,
ஒரே சீட்டில் நாலு பெயர்,
மழைக்கு ஒரு குடைக்குள் ஒதுங்கினமாதிரி.
பிறகு மனிசரில்லாத ஒரு பெயர், ஏதோ கம்பனி.
மூன்று இரவுக்கு ஒருமுறை ஆள் மாறும்,
கழுவிய படியில் சூட்கேஸ் சில்லு தட்டித் தட்டி ஏறும்.

அய்தெமிர் தன்னுடைய சீட்டைத்
தானே கழற்றுகிறேன் என்றார்.
ஸ்க்ரூ ட்ரைவரைக் கொடுத்தேன்.
அவருடைய தையல் கடையில் இப்போது
ஓட்ஸ் பால் விட்டுக் கோப்பி.
நல்லாத்தான் இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது.
நாலு யூரோ எண்பது.

போன மாதம் பெல் பலகையையே கழற்றினார்கள்.
வழவழப்பான கறுப்புக் கண்ணாடி, நடுவில் கமரா.
பொருத்த வந்த யானிக்
மாடி மாடியாகக் கேட்டான்: பெயரா, இலக்கமா?
எல்லோரும் இலக்கம் என்றார்கள்.
ஓவுசு வீட்டிலும்.
அந்தரங்கம் முக்கியமாம்.

பெயரென்றால் எத்தனை எழுத்து? என்றேன்.
விரும்பின அளவு, என்று
தட்டை என் கையில் தந்தான்.

விரும்பின அளவு!
அம்பலத்தை உள்ளே கூப்பிடத்தான் விரலை வைத்தேன்.
விரல் என்னைக் கேட்காமல்
யோகமலர்
என்று அடித்தது.
முன்னால் தகப்பன் இல்லை,
பின்னால் மாமன் இல்லை.
சரியா? என்றான்.
தலையாட்டிவிட்டேன்.

இரவு வேலை முடிந்து இவர் வந்தார்,
புதுத் திறப்பை மேசையில் மறந்துவிட்டு.
திரையில் உச்சந்தலை தெரிந்தது,
மேலிருந்து நான் ஒருநாளும் பார்த்திராத வழுக்கை.
பனி அதில் ஒட்டாமல் உருகியது.
விரல் மேலும் கீழும் தில்லையைத் தேடியது,
இலக்கங்களில் தடுக்கி, திரும்பி,
ஓரிடத்தில் நின்றது.
நின்றபடியே
நெடுநேரம் வாசித்தது.

பெல் அடித்தது.

ஆரது? என்றேன்,
நல்லா ஆறுதலாய்.