மூன்றாவது மதிப்பீடு

முதலாமவன் வரவே இல்லை.
படம் அனுப்பச் சொன்னான், அனுப்பினேன்;
குளியலறையை மோந்துகூடப் பாராமல்
பதினெட்டாயிரம் டாலர் என்றான்.

இரண்டாமவனுக்கு வாயெல்லாம் பளிங்கு.
டுலூத்தில், ஜனவரியில்,
வெறுங்காலுக்குப் பளிங்கு!

ரஸ்ஸல் பெல்டியர்
பனி அப்பிய பூட்ஸை வாசலிலேயே கழற்றினார்.
தொட்டியோரம் மண்டியிட்டு
ஒவ்வொரு டைலாகத் தட்டிக் காதுகொடுத்தார்.
"சுவர் உள்ளுக்குள்ள ஊறிப்போச்சு."
பிறகு துவாலைக் கம்பியைப் பார்த்தார்.
நடுவில் வளைந்திருந்தது.
"யாரு இதப் புடிச்சு எழுந்திருக்கிறது?"
"யாருமில்லை" என்றேன்.

குறித்துக்கொண்டார்.

இருபத்தாறாயிரம்.
மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கேட்டார்,
கால்வாசிக்கு மேல் ஒரு சென்ட் கிடையாது என்றேன்.
தொட்டி போகும். படியில்லாத ஷவர்.
பதினோராவது வரியில்
கைப்பிடி இரண்டு, சுவருக்குள் மரக்கட்டை வைத்து:
நான் சொல்லாதது.

என் பேனா எழுதவில்லை.
அவர் காதிலிருந்த தச்சுப் பென்சிலால்
கையெழுத்துப் போட்டேன்.