மீதி பதினெட்டு

மகளுக்குத் திருப்பூரில்
இரண்டு தையல் மெஷின் வாங்கக்
கடன் கேட்கப் போயிருந்தேன்.
மேலாளர் பத்திரத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து
முன்னோக்கிப் புரட்டினார்.
"வீடு உங்களோடது.
நிலம் டிரஸ்ட்டோடது.
வீடு உங்களோடதுங்கிறதும்
இன்னும் பதினெட்டு வருஷத்துக்குத்தான்."
ஜூலை மழை குன்னூரை அடித்துக்கொண்டிருந்தது.
மேசைக்கடியில் அவர் கால்களுக்கு மட்டும் ஹீட்டர்.

தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகை.
நாற்பத்து நாலில் யாரோ ஒரு துரை
கையெழுத்திட்டபோது
அது முடிவே இல்லாததுபோல் இருந்திருக்கும்.
நூறாகக் கொடுக்க மனசில்லாமல்
ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

அறுபத்தொன்றோடு பதினெட்டைக் கூட்டினேன்.
எழுபத்தொன்பது.
பஸ்ஸில் மறுபடி கூட்டினேன்.
முப்பத்து மூன்று வருஷம்
கட்டிலின் கால்மாட்டு அட்டையில்
காய்ச்சலும் நாடியும் எழுதியவள் நான்.
யாருக்கு எவ்வளவு மிச்சமென்று
அட்டையில் இருக்காது.
முகத்தைப் பார்த்தால் தெரியும்.
எனக்கு எண்பத்தைந்து என்று
ஒரு கணக்கு வைத்திருந்தேன்.
அந்த ஆறு வருஷம்
எங்கே போய் இருப்பது?

தலைமன்னாரில் கப்பலேறியபோது எனக்கு எட்டு வயது.
அங்கும் லயம்,
கோத்தகிரிக்கு வந்தும் லயம்.
எவ்வளவு காலம் இருக்கலாமென்று
எங்களுக்கு யாரும் எழுதித் தந்ததில்லை.
எழுதித் தந்த ஒரே காகிதத்தில்
போகவேண்டிய தேதி இருந்தது.
அதனால்தானோ என்னவோ
இந்த எழுநூற்றிருபது சதுர அடியை வாங்கிய அன்று
பத்திரத்தைப் படிக்கவில்லை,
தடவிப் பார்த்தேன்.
நல்ல கனமான தாள்.

டிரஸ்ட் ஆபீசில் எமர்சன் கேட்டார்,
"முப்பதா, அறுபதா?"
மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு நிறுப்பதுபோல.
முப்பது நாலேகால் லட்சம்.
அறுபது ஐந்தரை.
நிறைய வாங்கினால் மலிவு.
"ஆறு மட்டும் கிடைக்குமா?"
அவர் சிரிக்கவில்லை.
ஆறு வீடும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும்,
ஒருவர் குறைந்தாலும் இல்லை என்றார்.

மஸ்கட்டிலிருந்து பவர் வந்தது.
ஃபர்சானா வளையல்களை வைத்தாள்.
ஹாலன் கேரட் விலை ஏறட்டும் என்று
மூன்று வாரம் இழுத்துக் கட்டினார்.
என் ஓய்வுத் தொகையில் பாதி போயிற்று.
மெஷின் அடுத்த வருஷம் என்றேன் மகளிடம்.
அவள் சரி என்ற வேகம்
எனக்குப் பிடிக்கவில்லை.

கீழ்வீட்டுக் கிருபாகரன் மட்டும் மாட்டேனென்றார்.
வயது எண்பத்து நாலு.
"எனக்கு எதுக்கு அறுபது வருஷம்?
இருக்கிறதையே தீர்க்க முடியல."
மூன்றாம் முறை போனபோது
பேசாமல் குளியலறைக்குக் கூட்டிப் போனார்.
கூரை முழுக்கப் பாசி,
தேசப்படம் மாதிரி.
"உங்க வீட்டுத் தண்ணி.
பதினோரு வருஷமா என் தலையில சொட்டுது.
இன்னும் அறுபது வருஷம் சொட்டறதுக்கு
நான் காசு கட்டணுமா?"

வெலிங்டனிலிருந்து பிளம்பர் வந்து
என் தரையைப் பிளந்தான்.
ஐந்து நாள் ஃபர்சானா வீட்டில் குளித்தேன்.
மழை விடாத ஒரு வாரம் முழுக்கக்
கிருபாகரன் கூரையைப் பார்த்தபடி
காத்திருந்திருக்கிறார்.
எட்டாம் நாள் மேலே ஏறி வந்து கையெழுத்திட்டார்.
என் பேனாவைத் திருப்பித் தரவில்லை.

சார்பதிவாளர் அலுவலகத்தில்
வரிசையாகப் பெருவிரல் வைத்தோம்.
புதுத் தேதி: இரண்டாயிரத்து நூற்றுமூன்று, மார்ச் முப்பத்தொன்று.
அந்த அறையில் இருந்தவர்களில்
அதைப் பார்க்கக்கூடியவன் ஒருத்தன்தான்,
ஃபர்சானாவின் இடுப்பில்.
பழக்கதோஷம், கூட்டிப் பார்த்தேன்.
அவனுக்கு அப்போது எழுபத்தொன்பது.
யாரும் பார்க்காத நேரம்
மை அட்டையில் கையை விட்டு
என் புடவையில் தேய்த்தான்.

வாஷிங் சோடாவில் ஊறவைத்தேன்.
எலுமிச்சையும் போட்டுப் பார்த்தாயிற்று.