கம்பியை உதைத்தல்

அபெரிஸ்ட்வித் கடற்கரை நடைபாதையின் வடகோடியில்
ஒரு இரும்புக் கம்பி.
அதுவரை நடந்து வருகிறவர்கள்
அதை ஒரு உதை உதைத்துவிட்டுத் திரும்புவார்கள்.
பேராசிரியர்கள், நாயோடு வருகிறவர்கள்,
காதலை முறித்துக்கொள்ள வந்த இருவர்கூட.
ஏன் என்று யாருக்கும் தெரியாது.
யாரும் கேட்பதுமில்லை.

நான் கதவுத் தாழை மூன்று முறை தொட்டால் மட்டும்
ஏன் என்றார்கள்.
அம்மா கேட்டாள். பள்ளி கேட்டது.
பதினோரு மாதம் கணவனாக இருந்த கெரைன்ட்
கேட்காமல் எண்ணினான்.
அது இன்னும் மோசம்.

பத்தொன்பது வயதில் முதல்முறை மலையேறினேன்.
பல்கலைக்கழகம் இங்கே மேட்டில் இருக்கிறது.
தாவரவியல். ஆறு குழல்விளக்குகள்.
இரண்டாம் வரிசைக்கு மேலே இருந்தது
முனகிக்கொண்டே இருந்தது.
வேறு யாருக்கும் கேட்கவில்லையாம்.
ஒளிச்சேர்க்கை பற்றி அவர் சொன்ன எதுவும்
அந்த முனகலைத் தாண்டி என்னிடம் வந்து சேரவில்லை.
நவம்பரில் இறங்கிவிட்டேன்.
படிவத்தில் 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதினார்கள்.
விளக்கு என் சொந்தமல்ல.
பல்கலைக்கழகத்தினுடையது.

பிறகு மருத்துவமனைச் சலவைக்கூடம்.
விரிப்புகளை நான்காக மடித்தேன், பிறகு எட்டாக,
இருபத்தொன்பது வருடம்.
இயந்திரங்களின் இரைச்சல் பெரிது, ஆனால் நேர்மையானது:
எப்போது தொடங்கும் என்று தெரியும்,
எப்போது நிற்கும் என்று தெரியும்.
சாப்பாட்டு இடைவேளையில்
பின்சுவரின் பாசிகளை எண்ணினேன்.
ஒன்பது வகை.

நாற்பத்தொன்பதில் ஒரு மருத்துவர்
ஆட்டிசம் என்றார்.
சொல்லிவிட்டு, காகிதக் கைக்குட்டைப் பெட்டியை
என் பக்கம் நகர்த்தினார்.
உங்கள் இடது காலணி முடிச்சு அவிழ்ந்திருக்கிறது, என்றேன்.
வீட்டுக்கு வந்து பழைய மதிப்பெண் அட்டைகளை எடுத்தேன்.
'பிடிவாதம்', 'கவனமில்லை', 'முகம் பார்த்துப் பேசுவதில்லை':
ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால்
அந்தச் சொல்லை எழுதிப் பார்த்தேன்.
எல்லா இடத்திலும் பொருந்தியது.
அப்போதுதான் அழுதேன்,
கைக்குட்டைப் பெட்டி இல்லாத இடத்தில்.

அடுத்த செப்டம்பரில் மறுபடி மலை.
குழல்விளக்குகளை மாற்றியிருந்தார்கள்.
எனக்காக அல்ல, மின்கட்டணத்துக்காக.
எனக்குப் போதும்.

காலையில் சலவை, பகலில் வகுப்பு.
மூன்று வருடப் படிப்பு எனக்கு ஏழு ஆயிற்று.
நான்காவது வருடம் வாய்மொழித் தேர்வில்
'இது என்ன பாசி என்று சொல்ல முடியுமா?' என்றார்.
முடியும், என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.
அவரும் காத்திருந்தார்.
மறுதேர்வு.

இறுதி ஆய்வுக்கு
சலவைக்கூடத்தின் பின்சுவரை எடுத்துக்கொண்டேன்.
நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தபோது
நான் ஒன்பது என்று எண்ணியவை பதினொன்று.
இத்தனை வருடம் ரொட்டி தின்றபடி
அவற்றை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தான்.
அன்று இரவு தூங்கவில்லை.
இவ்வளவு சந்தோஷமாக எப்போதும் தூங்காமல் இருந்ததில்லை.

ஜூலையில் பட்டமளிப்பு.
வாடகை அங்கியின் கழுத்துப்பட்டைத் துணுக்கு குத்தியது.
கத்தரித்தேன். அபராதம் பன்னிரண்டு பவுண்டு.
கைதட்டலை நிறுத்தச் சொல்ல முடியாது, எலினெட்,
என்று அலுவலகத்தின் நெரிஸ் வருந்தினாள்.
மெழுகுக் காதடைப்பான் போட்டுக்கொண்டேன்.
என் பெயரை வாயசைவில் பார்த்தேன்.
துணைவேந்தரிடம் யாரோ சொல்லிவைத்திருக்க வேண்டும்;
கை நீட்டாமல் தலையசைத்தார்.

ஸ்வான்சீயிலிருந்து வந்திருந்த தம்பி ஹவெல் கேட்டான்:
ஐம்பத்தேழு வயதில் இதை வைத்து என்ன செய்வாய்?
யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன்.
சட்டம் போட வேண்டும், ஈரம் படாத சுவரில், என்றேன்.
சிரித்தான்.
நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

அங்கியோடு மலையிறங்கி, கடலை ஒட்டி நடந்து,
கம்பியை உதைத்தேன்.
ஒன்று. இரண்டு.
நாயோடு வந்த ஒருவர்
நான் மூன்றாவதை முடிக்கும்வரை நின்று
தன் ஒன்றை உதைத்தார்.
மழை வரும்போல, என்றார்.
வரும், நாலு இருபதுக்கு, என்றேன்.

நாலரைக்குத்தான் வந்தது.