சேவையின் தேவை கருதி

பாஸ்தோ நகரில், நீதிமன்றத்துக்கு எதிரே,
நீலத் தார்ப்பாய்க்குக் கீழே என் தட்டச்சுப்பொறி.
பக்கத்துக்கு நாலாயிரம் பேசோ. நகலுக்குத் தனி.
எரிமலைக் காற்று இறங்கும் நாளில்
தாளின் மேல் ஒரு கல், தொடை மேல் கம்பளி.
‘எ’ மட்டும் அரைவரி மேலே குதிக்கும்.
பழுது பார்த்தவன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

எடுவினா மட்டபான்சோய் வந்து நின்றபோது
செருப்பில் சேறு காய்ந்திருந்தது.
முதலில் படகு, பிறகு பஸ், ஒரு முழு இரவு.
சந்தோனாவில் கணக்கு டீச்சர்.
மதியச் சாப்பாட்டுக்கு நூற்று நாற்பது தட்டு,
ஏட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.
கழித்துப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை புகார்.
புதன்கிழமை மாற்றல் உத்தரவு.
காரணம் ஒரே வரி: ‘சேவையின் தேவை கருதி.’

அதிகாரிக்கு ஆகாதவர்களைத்
தண்ணியில்லாக் காட்டுக்கு அனுப்புவது உலக வழக்கம்.
இவரை அனுப்பியதோ
தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லாத காட்டுக்கு.
தெலம்பி ஆற்றின் மேல்வளைவில்
கால் ஊன்றி நிற்கும் ஒற்றை அறை,
பதினோரு பிள்ளைகள்.

“அழுது முடித்துவிட்டுச் சொல்லுங்கள்” என்றேன்,
எல்லோரிடமும் சொல்வதுபோல.
“அழவில்லை. தேதிகளை அடியுங்கள்” என்றார்.

முதலில் விண்ணப்பம்:
எந்தத் தேவை? யாருடைய தேவை?
கண்டவர் யார், எந்த நாளில்?
பதில் தரப் பதினைந்து வேலைநாள்.
கிணற்றில் போட்ட கல்லாவது ஒரு சத்தம் போடும்.

பதினாறாம் நாள், டுடேலா.
இந்த ஊரில் உருளைக்கிழங்கு விற்பவளுக்கும் தெரிந்த சொல்.
வக்கீல் வேண்டாம், முத்திரைத்தாள் வேண்டாம்,
பத்து நாளில் நீதிபதி வாய் திறந்தாக வேண்டும்.

கல்விச் செயலகத்தின் வக்கீல் எழுதினார்:
“இந்த மாதம் எங்கள் மேல் வந்த ஒன்பது மனுவிலும்
‘எ’ குதிக்கிறது.
பின்னால் ஒரு கை இருக்கிறது.”
இருக்கிறது. இரண்டு.
வலது கையில் நடுவிரல் மடங்காது.

நீதிபதிக்கு அன்று சளி.
மூக்கைத் துடைத்துக்கொண்டே கையெழுத்திட்டதாகக் குமாஸ்தா சொன்னான்.
“எழுத்து குதிப்பது பற்றி இந்த நீதிமன்றத்துக்குக் கருத்தில்லை.
நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பதில் தருக.”

நாற்பத்தேழாம் மணியில் வந்தது:
‘சேவையின் தேவை கருதி.’
அதே வரி. முத்திரை மட்டும் பெரிது.

அவமதிப்பு மனு அடித்தேன்.
கோப்பு வராவிட்டால்
செயலாளருக்கு மூன்று நாள் காவல் என்றதும்
வாழைப்பழ அட்டைப்பெட்டி ஒன்றில் வந்து இறங்கியது கோப்பு.
உள்ளே தேவை எதுவும் இல்லை.
அந்தப் புதன்கிழமையும்
தலைமையாசிரியர் கைப்பட எழுதிய துண்டுச்சீட்டும் இருந்தன:
“இந்த அம்மாள் எண்ணுகிறார்.”

மாற்றல் ரத்து.
சாப்பாட்டுக் கணக்கு வேறொரு அலுவலகத்தில்
வேறொரு எண்ணின் கீழ்
இன்னும் தூங்குகிறது.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார்.
இனிப்பு கொண்டுவந்திருப்பார் என்று நினைத்தேன்.
பையிலிருந்து எடுத்தது கோடு போட்ட தாள், பென்சிலில் பெயர்கள்.
ஆற்றுப் பள்ளிக்கு அவருக்குப் பதிலாக
யாரையும் அனுப்பவில்லையாம்.
கதவு பூட்டியிருக்கிறது. சாவி படகுக்காரனிடம்.

“நீங்களே திரும்பிப் போகலாமே?”
வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.
கொஞ்ச நேரம் தார்ப்பாயில் ஒழுகும் இடத்தைப் பார்த்தார்.
“அதை இரவெல்லாம் யோசித்தாயிற்று.
போனாலும் போவேன். அது என் விண்ணப்பம்.
இது அவர்களுடையது.”

மனுதாரர் என்ற இடத்தில் அடிக்கத் தொடங்கினேன்.
நெய்லா கினியோனெஸ், வயது எட்டு.
யெய்சன் அங்குலோ, ஒன்பது.
அவன் தம்பி, ஆறு; பெயர் பென்சிலில் கலைந்திருந்தது,
அவர் உரக்கச் சொன்னார்.
கோரிக்கை: ஓர் ஆசிரியர்.
காரணம் என்ற இடத்தில் அவர் நிறுத்தினார்.
“அவர்கள் வரியையே போடுங்கள்” என்றார்.
போட்டேன். ‘எ’ குதித்தது எப்போதும்போல.

ஏழாவது பெயரில் ரிப்பன் தீர்ந்தது.
மாற்றி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.
நகலுக்கு மட்டும் காசு வாங்கினேன்.